மாட்டிக்கொள்வதெல்லாம் பொருந்துவதல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய செவ்ரலே கார்களைப் புதுப்பிக்கிற அமெரிக்கர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை இறக்கிவிட்டு, 1982-ல் வந்த 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியை ஏற்ற வேண்டும். நியாயமான ஆசைதான். நான்காவது கியரின் விகிதம் 0.70 என்பதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாக ஓடும். அதற்காக கியர்பாக்ஸைத் தேடித்தேடி வாங்குவார்கள். எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே இருக்கிற ஃப்ளெக்ஸ் பிளேட்டையும், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டரையும் கடைசி நிமிடத்தில்தான் நினைப்பார்கள்.

ஃப்ளெக்ஸ் பிளேட் என்பது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் மாட்டுகிற மெல்லிய எஃகுத் தட்டு. அதன் விளிம்பில் ஸ்டார்ட்டர் பிடிக்கும் பற்கள் இருக்கும். செவ்ரலேயின் 350 கன அங்குல எஞ்சினில் (டர்போ 350 கியர்பாக்ஸ் வேறு, இது வேறு) 1985 வரை இதன் போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 3.58 அங்குலம், 1986 முதல் 3 அங்குலம். மாற்றி வாங்கினால் மாட்டாது, திருப்பிக் கொடுத்துவிடலாம். மாட்டிக்கொள்கிற தவறுதான் பொல்லாதது. 400 கன அங்குல எஞ்சினின் தட்டு பழைய 350-ல் கச்சிதமாக உட்காரும். ஆனால் அந்தத் தட்டில் ஒரு பக்கம் எடை வைத்திருப்பார்கள், 400-இன் கிராங்க்குக்கு அந்த எடை தேவை. பழைய 350-க்குத் தேவையில்லை. வண்டி கிளம்பியதும் எஞ்சின் நடுங்கும். பலர் அப்போது கியர்பாக்ஸைத்தான் குறை சொல்வார்கள்.

பற்களையும் எண்ணிப் பாருங்கள். 153 பல் தட்டுக்கு ஒரு ஸ்டார்ட்டர், 168 பல் தட்டுக்கு வேறு ஸ்டார்ட்டர்.

அப்புறம் கன்வர்ட்டர். 700ஆர்4-இல் தொடக்க ஆண்டுகளில் உள்தண்டுக்கு 27 ஸ்பிளைன், அதாவது கன்வர்ட்டரைப் பிடிக்கிற நீள வரிப்பற்கள், பிறகு 30. கன்வர்ட்டரை அதற்குத் தகுந்தபடி எடுக்க வேண்டும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கன்வர்ட்டரை கியர்பாக்ஸுக்குள் செலுத்தும்போது சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். உள்தண்டு, ஸ்டேட்டர் தண்டு, எண்ணெய் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, படிப்படியாக உள்ளே இறங்கும். பம்ப்பில் இறங்காமலே பெட்டியை எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினால், முறுக்குகிற பலம் முழுவதும் பம்ப் மேல் விழும். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பம்ப் உடைந்திருக்கும். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கிற நிலை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சரியாக இறங்கியிருந்தால், பெட்டியைச் சேர்த்த பிறகும் கன்வர்ட்டர் கையால் சுலபமாகச் சுழலும். தட்டுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதன் பிறகுதான் அதை முன்னால் இழுத்துத் தட்டோடு போல்ட் செய்ய வேண்டும். இடைவெளி அதைவிடக் கூடினால், கன்வர்ட்டர் பம்ப்பைப் போதுமான ஆழத்துக்குப் பிடிக்காது. அப்போது தட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே ஒரே கனமுள்ள வாஷர்களைக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

வணக்கம்.