வாசல் காவலருக்கு முதல் வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, 20-க்கும் மேற்பட்ட திருநர் (திருநங்கைகள், திருநம்பிகள்) அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே சிலர் நின்றுவிட்டார்கள். நிர்வாகம் விரட்டவில்லை; நகரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. லாட்ஜ் வாடகைக்கே சம்பளம் போனது. பணி ஆணையோடு தங்குமிடத்தையும் பேசியாக வேண்டும்.

திருநர், தன்பாலீர்ப்பாளர் ஆகியோரின் பெருமித மாதமான ஜூன் வந்தால், அவர்களை மதித்து நடத்துவது பற்றிப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேர வகுப்பு கேட்கின்றன, வானவில் கேக்கோடு. வெட்டட்டும். அதற்குமுன் புகார் அலுவலர் யார் என்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்த 15 நாளில் அவர் விசாரித்து முடிக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள். பாலியல் துன்புறுத்தலுக்கான உள்ளகக் குழுவே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தக் குழுவை அமைக்கச் சொல்லும் சட்டம் பெண்கள் தரும் புகாருக்கானது; பெண்ணாகக் கருதப்பட்டுப் பிறந்து ஆணாக வாழும் ஒரு திருநம்பி அங்கே போய் எப்படி நிற்பார்? இன்னொரு ஓட்டையும் உண்டு. 2019 சட்டம் திருநரைப் பற்றியது மட்டுமே. தன்பாலீர்ப்பாளரைக் கேலி செய்தால் என்ன நடவடிக்கை என்பதை நிறுவனம் தன் நடத்தை விதியில் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

வகுப்பை மேலாளர்களிடம் தொடங்காதீர்கள். முதலில் வாசல் காவலர். ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்துச் சோதிக்கும் இடத்தில்தான் முதல் அவமானம் நடக்கிறது. "யார் சோதித்தால் உங்களுக்குச் சரி?" என்ற ஒரே கேள்வியைக் காவலருக்குப் பழக்கினால் போதும். ஒப்பந்த நிறுவனம் மாறினால் காவலரும் மாறுவார். ஆகவே இந்தப் பயிற்சியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். தன் பாலினத்துக்கேற்பப் பெயரை மாற்றிக்கொண்ட ஊழியருக்கு அடையாள அட்டையில் புதுப் பெயர் போட்டுவிடுவார்கள். ஆனால் வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைத்ததும், பின்னால் பத்துப் பேர் நிற்கையில், திரையில் பழைய பெயர் மின்னும். சம்பளப் பட்டியலிலிருந்து அது பெயரை எடுப்பதே காரணம். ஆதார், பான், வைப்புநிதி ஆவணங்கள் மாறும்வரை சம்பளப் பட்டியலில் பழைய பெயர் இருந்தே தீரும். அந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் மனிதவளத் துறையில் இருவரோடு நிற்கட்டும்; திரை, மின்னஞ்சல், இருக்கைப் பலகை எல்லாவற்றுக்கும் புதுப் பெயரைப் பதிய மென்பொருளில் தனி இடம் வைக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குப் பெரிய செலவில்லை: முழுக் கதவும் உள்தாழ்ப்பாளும் உள்ள தனி அறை, யாரும் போகலாம் என்று ஒரு பலகை. மாற்றுத்திறனாளிகளின் கழிப்பறையை எடுத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

பள்ளிகளுக்கு வருவோம். திருநர் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்களுக்காக, பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் தேசிய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021-இல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. கையேடு இல்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. வருகைப்பதிவேட்டில் மாணவர், மாணவியர் என்று பிரிக்காமல் அகர வரிசையில் எழுதலாம். இறைவணக்கத்துக்கு உயர வரிசையில் நிறுத்தலாம்.

கடினமானது, ஒரு மாணவர் தன் பாலினத்தையோ ஈர்ப்பையோ பற்றி ஆசிரியரிடம் மனம் திறக்கும் நாள். பதற்றத்தில் அன்று மாலையே பெற்றோருக்குப் போன் போகிறது. வீட்டில் அடி விழுகிறது, படிப்பு நிற்கிறது. யாரிடம் சொல்லலாம் என்பதை மாணவரிடமே கேளுங்கள். மனநல ஆலோசகரிடம் அனுப்புவதானால், "மாற்றிவிடலாம்" என்று சொல்பவரா என்று முதலில் விசாரியுங்கள். அப்படி மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. மருத்துவர் அதைச் செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அப்படிப்பட்ட மருத்துவரைப் பற்றி மாநில மருத்துவக் கவுன்சிலில் பள்ளியே புகார் கொடுக்கலாம்.