செயலி சொன்ன பட்டியலை நம்பாதீர்கள்: 2025-இல் எனக்குப் பிடித்த ஆல்பங்கள்

வணக்கம் மக்களே. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்குக் கடற்கரையில் உட்கார்ந்து பேச வழியே இல்லை, வாடைக்காற்று ஒரு வார்த்தையைக்கூட மைக்கில் விழ விடாது. அதனால் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி ஒதுங்கியிருக்கிறேன். நடுவில் கோழி கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடியோக்களில் வந்த அதே கோழிதான்.

வருடக் கடைசி ஆல்பம் வீடியோவை நான் கிறிஸ்துமஸ் முடிந்துதான் போடுவேன், உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை முந்திக்கொண்டு வந்ததற்குக் காரணம் வயிற்றெரிச்சல். நான் பாட்டுக் கேட்கிற செயலி வருடக் கணக்கு ஒன்றை அனுப்பியிருக்கிறது. இந்த வருடம் நான் அதிகம் கேட்ட பாட்டு 'கூலி' படத்து 'மோனிகா'வாம்! அதோடு விட்டதா? எனக்குக் கொண்டாட்டப் பிரியை என்று ஒரு பட்டம் வேறு. ஒன்பதரை மணிக்குப் பாய் விரித்துப் படுக்கிறவளுக்கு இந்தப் பட்டம்.

விஷயம் என்னவென்றால், அக்கா வீட்டு மச்சான் தன் டீக்கடையில் என் கணக்கில்தான் பாட்டுப் போடுகிறார். விடியற்காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி பாய்லர் அணைகிற வரைக்கும் 'கூலி'தான். குறை சொல்லவில்லை, கூட்டத்தைத் துள்ள வைக்க அனிருத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டி. ராஜேந்தர் குரலோடு வருகிற 'சிக்கிட்டு' எனக்கும் பிடிக்கும். ஆனால் என் பெயரில் ஒரு பட்டியல் வந்தால் அதில் நான் இருக்க வேண்டாமா? மச்சானிடம் கேட்டால், "அதனால என்ன கொழுந்தியா, நல்ல பாட்டுதானே" என்கிறார். அவரிடம் என்னத்தைப் பேச.

சரி, என்னுடைய பட்டியலை நானே சொல்கிறேன். என் விதி பழையதுதான். ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், நடுவில் போனை நோண்டாமல், ஒயர் இயர்போனில் கேட்க வேண்டும். எத்தனை தடவை ஓடியது என்று எண்ணுவது கல்லாப்பெட்டிக் கணக்கு. கேட்பது வேறு வேலை.

இயர்போன் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்னிடம் இருக்கிற அந்தக் கறுப்பு இயர்போனைப் பற்றிப் போன வீடியோவில் புலம்பினேன் அல்லவா, இடது காது கேட்கவில்லை என்று? புது போனில் உருண்டை ஜாக் ஓட்டை கிடையாது. அதனால் டைப் சி கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன், 120 ரூபாய். கொஞ்ச நாளில் கரகரவென்றது. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "கன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்கு, இயர்போன் போயிருச்சு" என்று 899 ரூபாய்க்கு ஒன்றை எடுத்து நீட்டுகிறார். எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து ஜாக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த உலோக முனையில் மூன்று வளையம் இருக்கும் பாருங்கள், நுனி வளையத்தைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று வேலை! இந்தத் தீவில் ஜன்னல் கம்பியே ஐந்து வருடம் தாங்காது, இது எம்மாத்திரம். அக்கா மகனுடைய பென்சில் பையிலிருந்து ரப்பரை எடுத்து, முனையைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தேன். பச்சைத் துகள் ரப்பரோடு வந்தது. பிறகு காய்ந்த துணியில் துடைத்துச் செருகினால், இடது காதில் பாட்டு! 899 ரூபாய் மிச்சம், மக்களே. தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். உப்புத்தாளும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். ரப்பர் போதும். கடலோரத்தில் இருக்கிற அத்தனை பேரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் இந்த வீடியோவைப் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம்.

'தக் லைஃப்'. படம் ஓடவில்லை என்பதற்காக ஆல்பத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள், இதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'முத்த மழை' சண்டை ஞாபகம் இருக்கும். ஆல்பத்தில் தமிழில் பாடியது பாடகி தீ. மே மாதம் சென்னையில் நடந்த பாடல் வெளியீட்டு விழா மேடையில் சின்மயி பாடினார். அன்றிலிருந்து ஊரே இரண்டு கட்சி. மேடையில் சின்மயி பாடியது ஆளை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயர்போனில், கண்ணை மூடிக்கொண்டு, வரிசையில் அந்தப் பாட்டு வருகிற இடத்தில் கேட்டால் எனக்குத் தீதான். அந்தக் குரலில் ஒரு அலட்சியம் இருக்கிறது, பாட்டுக்கு அது வேண்டும். இந்தச் சண்டையில் எல்லோரும் கோட்டைவிட்ட பாட்டு 'அஞ்சு வண்ணப் பூவே'. சாருலதா மணி பாடியது. அதைக் கேட்டுவிட்டு உடனே அடுத்த பாட்டுக்குப் போக என்னால் முடிந்ததில்லை. என் விதியை நானே மீறி நிறுத்தி வைக்கிற ஒரே இடம் அதுதான். ரஹ்மான் பழைய மாதிரி இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

மே 1-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு படம் வந்தது. 'ரெட்ரோ', 'டூரிஸ்ட் ஃபேமிலி'. சத்தம் எல்லாம் 'கனிமா'வுக்குத்தான். எங்கள் பக்கக் கல்யாண வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சந்தோஷ் நாராயணன் கல்யாண வீட்டுக்கென்றே செய்த பாட்டு, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு 'கண்ணாடிப் பூவே' பிடிக்கும், அவ்வளவுதான். என் மனசு ஷான் ரோல்டன் பக்கம். 'டூரிஸ்ட் ஃபேமிலி' எங்கள் கரையில் தொடங்குகிற படம். இலங்கையிலிருந்து படகில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்குகிற குடும்பம். 2022-இல் அங்கே நெருக்கடி முற்றியபோது தனுஷ்கோடிப் பக்கம் இப்படி வந்து இறங்கியவர்களை எங்கள் ஊர்க்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். அதனால் பாட்டு எங்கே அழுது வடியுமோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன். வடியவில்லை. 'முகை மழை' அலட்டாமல் வருகிறது, அலட்டாமல் போகிறது. 'குட் நைட்', 'லப்பர் பந்து' எல்லாம் செய்த மனிதருக்கு எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

'இட்லி கடை' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 'என்ன சுகம்' நல்ல பாட்டு. ஆல்பமாக எனக்கு ஒட்டவில்லை. மேலே போகலாம்.

'பைசன்'. இதைத் தீபாவளிக்கே கேட்டிருந்தாலும், முழுசாக உள்ளே இறங்கியது நவம்பர் கடைசியில், டிட்வா புயல் நேரத்தில். கரண்ட் இல்லை, நெட் இல்லை. பேட்டரி ரேடியோவில் வழக்கமாக அக்கரை இலங்கை எஃப்எம் பாட்டுப் போடும், அன்றைக்கு அங்கே பாட்டா போடுவார்கள், வெள்ளச் செய்திதான். கேட்கக் கேட்க மனசு என்னவோ செய்தது. போனில் இறக்கி வைத்திருந்தது இந்த ஒரு ஆல்பம்தான். நிவாஸ் கே. பிரசன்னாவை 2014-இல் 'தெகிடி' வந்தபோதிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சேனலில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அவருக்குத் தீனி போட்டிருக்கிறார்கள். 'தீக்கொளுத்தி'யில் அந்தக் குரல் மேலே போகிற இடத்தில், காதல் பாட்டா ஒப்பாரியா என்று பிரிக்க முடியாது. கதை பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம், எங்களுக்கும் அதே செம்மண், அதே பனை. அப்புறம் 'றெக்க றெக்க'. வேடனும் ராப் பாடகர் அறிவும் சேர்ந்து பாடியது. வேடன் மலையாளத்தில் ராப் பாடுகிறவர், அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மண்டபத்தில் இருக்கிற இலங்கை அகதிகள் முகாமைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள் நாங்கள், அந்தக் குரல் எங்களுக்கு வேறு மாதிரிதான் கேட்கும்.

இங்கே ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். முதல் சிங்கிள், ரெண்டாவது சிங்கிள், அந்தச் சிங்கிளுக்கு ஒரு ப்ரோமோ, ப்ரோமோவுக்கு ஒரு போஸ்டர்! ஆல்பம் என்று மொத்தமாக வருகிற நாளில் பாதிப் பாட்டு சலித்துப் போய்விடுகிறது. அதைத் தாண்டி நிற்கிற ஆல்பம்தான் என் பட்டியலில் வரும். 'பைசன்' நின்றது. அதே தீபாவளிக்கு வந்த 'டூட்' பாதி நின்றது. சாய் அபயங்கர் கெட்டிக்காரர், திப்பு, ஹரிணி மகன் என்று யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு 'கட்சி சேர', 'ஆச கூட' என்று தனிப்பாட்டிலேயே பெயர் வாங்கிவிட்டார். 'ஊரும் பிளட்' காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆனால் பதினைந்து விநாடித் துணுக்குக்காகவே செய்தது போல எனக்குப் படுகிறது. தம்பி, இன்னும் கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

ராஜாவின் சிம்பொனியைப் பற்றிப் பேசவில்லையே என்று திட்ட வேண்டாம். மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 'வேலியண்ட்' வாசித்தது. நான் பார்த்ததெல்லாம் போனில் வந்த துண்டு வீடியோ. துண்டை வைத்து சிம்பொனிக்குத் தீர்ப்பு எழுத நான் யார்? அதைப் பட்டியலுக்கு வெளியே, மேலே வைத்திருக்கிறேன்.

இப்போது முதல் இடம். சிரிக்காதீர்கள். ஸ்பானிய மொழி ஆல்பம். பேட் பன்னி பாடியது, 'தேபி திரார் மாஸ் ஃபோத்தோஸ்'. ஜனவரி 5-ஆம் தேதியே வந்துவிட்டது, வருடம் முழுக்க அதை எதுவும் இறக்கவில்லை. அவர் புவேர்த்தோ ரிக்கோக்காரர். அதுவும் தீவு. அமெரிக்காவின் கையில் இருக்கிற, சுற்றுலாக்காரர்களும் வெளியூர்ப் பணமும் வந்து குவிகிற தீவு. அட்டைப்படத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? வாழை மரத்துக்கு முன்னால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. ஆளே இல்லை. எங்கள் வீட்டு வாசலில் எடுத்தது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள்.

17 பாட்டு. பழைய ஊர்த் தாளமான ப்ளேனா, சல்சா எல்லாவற்றையும் இன்றைய ஆட்டப் பாட்டு அடிக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். ப்ளேனாவில் கையில் பிடித்து அடிக்கிற ஒரு தோல் கருவி வருகிறது. முதல் தடவை கேட்டபோது ஏர்வாடி சந்தனக்கூட்டில் பக்கீர்மார் தப்ஸ் அடிக்கிறது மாதிரியே இருந்தது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 'பைலே இனோல்விதாபிளே' என்று ஒரு பாட்டு, ஆறு நிமிடம் ஓடும். சோம்பலாகத் தொடங்கி, திடீரென்று ட்ரம்பெட்டும் பியானோவுமாகப் பொங்கும். அதில் வாசித்திருப்பவர்கள் அந்த ஊர் இசைப்பள்ளிப் பிள்ளைகள். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார் அந்த மனிதர்.

இன்னொரு பாட்டு ஹவாயைப் பற்றி. அந்தத் தீவுக்கு ஆனது தன் தீவுக்கும் ஆகிவிடக் கூடாது என்கிற கவலை. இதை நான் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் இங்கே புதுப் பாம்பன் பாலம் ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. 2022 டிசம்பரிலிருந்து மண்டபத்தோடு நின்றுபோன ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வந்தது. சந்தோஷம்தான், நானும் போய் அந்தத் தூக்குப் பாலத்தை வீடியோ எடுத்துப் போட்டவள்தான். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் ரோட்டைக் கடக்க நாங்கள் படுகிற பாடு இருக்கிறதே. கடலோரமாக நிலம் விற்கிற போர்டு மாதத்துக்கு மாதம் கூடுகிறது. சந்து பொந்தெல்லாம் விடுதி. அப்போது காதில் இந்தப் பாட்டு ஓடினால் எப்படி இருக்கும்?

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அவர் கோடைக் காலத்தில் தன் ஊரிலேயே தொடர் கச்சேரி வைத்தார், சான் ஹுவானில். முதலில் அறிவித்தது 21 கச்சேரி. அதில் முதல் 9 உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்! வெளியூர்க்காரர்கள் பிறகுதான். இதைப் படித்த அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டாள், "உள்ளூர்னு எப்படிடி கண்டுபிடிப்பாங்க, ரேஷன் கார்டைக் காட்டணுமா?" நவம்பரில் லத்தீன் கிராமியில் சிறந்த ஆல்பம் விருதும் இதற்கே கிடைத்தது. விருதுக்காகப் பிடிக்கவில்லை, ஜனவரியிலேயே பிடித்துவிட்டது, தேதியோடு பழைய வீடியோ இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மொழி புரியாமல் எப்படி என்று கேட்காதீர்கள். முதலில் அப்படியே கேளுங்கள். அப்புறம் வரிகளின் அர்த்தத்தைத் தேடிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். டீக்கடையில் மட்டும் போட வேண்டாம். மச்சானிடம் போட்டுக் காட்டினேன், "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்" என்று கேட்டார்.

ஸ்பெயின் பாடகி ரொசாலியா போட்ட 'லக்ஸ்' ஆல்பம் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நவம்பர் 7-இல் வந்தது, பதின்மூன்று மொழியில் பாடியிருக்கிறார், லண்டன் சிம்பொனி இசைக்குழு கூட வாசித்திருக்கிறது. நான்கு பகுதியில் இரண்டுதான் முடித்திருக்கிறேன். அரைகுறையாகக் கேட்டுவிட்டு இடம் கொடுக்க மாட்டேன். மீதியைக் கேட்டுவிட்டு அதற்குத் தனி வீடியோ. கோழி வேறு தொடங்கிவிட்டது, தூறலும் விழுகிறது, மைக்கை உள்ளே கொண்டுபோகிறேன்.