சிறு விமானத்தில் ஓர் அடுத்தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்தவர்களுக்கு விமானம் ஒன்றும் பிரமிப்பான பொருள் அல்ல. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் சட்டம் படிக்க லண்டன் போனபோதே குரோய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனத்தையே நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் போட்ட ஓடுதளம் செட்டிநாட்டில் இன்னமும் கிடக்கிறது. இருந்தும், நான் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டுகிறவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: “ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் அதுவே போய்ச் சேர்ந்துவிடுமாமே, அப்புறம் நீங்கள் எதற்கு?”

அந்தப் பொத்தான் இயக்குவது ஆட்டோபைலட் என்ற தானியங்கிக் கருவியை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன்.

வேகமாகச் சுழலும் சக்கரம் தான் நிற்கும் நிலையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. பம்பரம் சுற்றியவர்களுக்கு இது தெரியும். அந்தச் சக்கரத்தை விமானத்துக்குள் வைத்தால், விமானம் சாய்ந்தாலும் சக்கரம் சாயாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, அதற்கு ஏற்ப இறக்கை ஓரத்துத் தட்டுகளைச் சிறு மோட்டார் ஒன்று அசைத்துக் கொடுத்தால் விமானம் நிமிர்ந்துவிடும். ஆட்டோபைலட்டின் அடிப்படை இவ்வளவுதான். 1914 ஜூன் மாதம் பாரிஸ் அருகே செய்ன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர் இதைச் செய்து காட்டினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி பறந்தார். கூட வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் ஏறி நடந்தார். ஒரு பக்கம் எடை கூடியும் விமானம் சாயவில்லை. 1933இல் அமெரிக்க விமானி வைலி போஸ்ட் எட்டு நாளுக்குள் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தாரே, அவர் விமானத்திலும் ஸ்பெர்ரி கருவிதான் இருந்தது.

இன்றைய புதுக் கருவிகளில் சுழலும் சக்கரம் கிடையாது. அந்த வேலையை நகத்தளவு மின்னணுச் சில்லுகள் பார்த்துக்கொள்கின்றன. மலிவானது இறக்கையை மட்டும் மட்டமாக வைக்கும். அதற்கு மேல்படியில் இருப்பது உயரத்தையும் பிடித்துக்கொள்ளும், ஏற்றும், இறக்கும், ஜி.பி.எஸ். காட்டும் பாதையில் திரும்பவும் செய்யும்.

பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள் இருக்கிறார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் வானொலியில் பேசுவார், வானிலை பார்ப்பார், எரிபொருள் கணக்கு பார்ப்பார். செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தில் இது எல்லாமே ஒரே ஆள் தலையில். காரைக்குடிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர், அந்த விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சித்திரை வெயிலில், காய்ந்த கண்மாய்களின் மேல், நண்பகலில் போனால் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒரு கையால் சமாளித்துக்கொண்டே மறு கையால் வரைபடத்தைப் புரட்டி, அடுத்த கட்டுப்பாட்டு நிலையத்தின் அலைவரிசையைத் தேடுகிறவனுக்குத்தான் ஆட்டோபைலட்டின் அருமை தெரியும். கையை விடுவித்துத் தலையை வேலை செய்ய விடுவதுதான் அதன் பயன். அந்த வகையில், பெரிய விமானத்தைவிடச் சிறு விமானத்துக்கே அது அதிகம் தேவை என்பேன். ‘நிஜமான விமானிக்கு அது இழுக்கு’ என்று சொல்லும் பழைய ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் அது உயிரையே காப்பாற்றும். வெளியே எதுவும் தெரியாதபோது நம் உள்காது பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போகிறோம் என்று அடித்துச் சொல்லும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி பெறாத இருபது பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். வெளிப்பார்வையை மறைத்ததும் இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. இறக்கையை மட்டும் மட்டமாக வைக்கும் மலிவான கருவி இருந்தால்கூட அந்த நேரத்தில் அது பெரிய துணை. ஆனால் இருந்தால் போதாது. 1999 ஜூலையில், இரவில், கடலின் மேல் மங்கல் மூட்டத்தில் ஜான் எஃப். கென்னடியின் மகன் தம் விமானத்தை இறக்கிக்கொண்டு போகும்போது திசையுணர்வு தடுமாறி விழுந்து இறந்தார். மனைவியும் மனைவியின் சகோதரியும் உடன் இறந்தார்கள். அந்த விமானத்தில் ஆட்டோபைலட் இருந்தது.

நம் பெரியவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தபோது மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாக ஆள் வைத்தார்கள். ஆட்டோபைலட்டை நான் அடுத்தாள் இடத்தில்தான் வைப்பேன். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்வார். சொன்னது தப்பு என்றாலும் அதே சுத்தத்தோடு செய்வார். கடைசிக் கணக்கான ஐந்தொகையைப் பார்க்க வேண்டியது மேலாள்தான்.

‘இத்தனை டிகிரி திசையில் போ’ என்று திசைகாட்டியில் ஒரு குறியைத் திருப்பி வைத்தால் விமானம் அந்தத் திசையில் போகும். பழைய விமானங்களில் அந்தத் திசைகாட்டி ஒரு சுழலும் சக்கரம். அது கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காந்த திசைகாட்டியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மறந்தால் ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது. அது தவறான திசையில் அலுங்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு டிகிரி பிசகினால் அறுபது கடல் மைலில் ஒரு கடல் மைல் விலகிவிடுவோம், பத்து டிகிரி என்றால் பத்து. பிள்ளையார்பட்டி தெரிய வேண்டிய இடத்தில் வேறு ஊர் தெரியும்.

இதைவிட மோசமானது ஏறும்போது வரும். ‘நிமிடத்துக்கு 700 அடி ஏறு’ என்று கட்டளை கொடுக்கிறோம். தொடக்கத்தில் எளிதாக ஏறும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, எஞ்சின் பலம் குறைகிறது. சூட்டு நாளில் இன்னும் சீக்கிரம். ஆட்டோபைலட்டுக்கோ 700 தான் கணக்கு. எட்டவில்லை என்றால் மூக்கை இன்னும் தூக்கும். வேகம் 80 ‘நாட்’ (மணிக்கு 80 கடல் மைல்) என்பதிலிருந்து 75, 70 என்று இறங்கும். காற்று இறக்கையைத் தாங்காமல் விடும் ஸ்டால் நிலைக்குச் சற்று முன்னால், செஸ்னாவின் இடது இறக்கையில் இருக்கும் எச்சரிக்கை ஊதல் மெல்ல முனகத் தொடங்கும். ஜன்னலில் வீடுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். வேகத்தைப் பிடித்து ஏறும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் கட்சி. இல்லாவிட்டால் ஏறும்போது வேகமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

அடுத்தது டிரிம். செஸ்னாவில் முன் இருக்கைகளுக்கு நடுவே, விமானியின் முழங்காலுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான விளிம்புள்ள கறுப்புச் சக்கரம் ஒன்று இருக்கும். மூக்கு ஏறாமல் இறங்காமல் சமநிலையில் நிற்க அதைத் திருப்பி வைப்போம். வசதியான ஆட்டோபைலட் அந்தச் சக்கரத்தையும் தானே உருட்டிக்கொள்ளும். யாரும் தொடாமல் அது மெதுவாகச் சுழல்வதை முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். எளிய கருவியோ அம்புக்குறியைக் காட்டி, ‘நீ திருப்பு’ என்று கேட்கும். கேட்டதை நாம் கவனிக்காவிட்டால் மோட்டார் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், வெளியே எல்லாம் அமைதியாகத் தெரியும். ஆட்டோபைலட்டை விலக்கிய நொடியில் அதுவரை சேர்ந்த பாரம் மொத்தமும் நம் கைக்கு வரும். மூக்கு எகிறும் அல்லது குத்தும். அதனால் விலக்கும் முன் விமானத்தை ஓட்டும் பிடியை இறுகப் பற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறோம்.

சில கருவிகளில் உயரமானிக்குத் தனி, ஆட்டோபைலட்டுக்குத் தனி என்று காற்றழுத்த எண்ணை இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் சொன்ன உயரத்தில் அது நிற்காது.

புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு என் யோசனை: கையால் நேராக, மட்டமாக, சொன்ன உயரத்தில் பறக்கத் தெரியும்வரை அதைத் தொட வேண்டாம். விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாதவருக்கு, ஆட்டோபைலட் தப்பாக நடப்பதும் தெரியாது. கண்டிப்பான விதிகள் கையேட்டிலேயே இருக்கின்றன. இன்ன உயரத்துக்குக் கீழே இயக்கக் கூடாது என்று ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, அதை நெட்டுருப் போட வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு சோதனை இருக்கிறது. தரையில் நின்றபடியே ஆட்டோபைலட்டை இயக்கி, பிடியை எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்ப்போம். நம் கைப்பலத்துக்கு அது விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு பிடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உடனே விலக வேண்டும். விலகாவிட்டால் கருவியின் சுவிட்சு, அதுவும் கேட்காவிட்டால் சர்க்யூட் பிரேக்கரை இழுப்பது. அந்த பிரேக்கர் எந்த வரிசையில் இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது சிறு விமானத்தில் ஏற நேர்ந்தால், ஓடுதளத்துக்குப் போகும் முன் விமானி அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறாரா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் தயங்காமல் கேட்கலாம். ஆச்சி கேட்டால் எந்த விமானியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நன்றி, வணக்கம்.