நூறு ரூபாய்க்கும் நாலாயிரத்துக்கும் நடுவே ஒரு மல்லி

நேயர்களுக்கு வணக்கம். உலகத்திலேயே விலை கூடிய பூ எது, ஏன் அந்த விலை என்று பேசச் சொல்லி நிலையத்தில் இருந்து கூப்பிட்டார்கள். நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். தினமும் என் கண்ணில் படுவது மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, அரளி, இவ்வளவுதான். ஆர்க்கிட் பற்றி என்னிடம் கேட்டால் எப்படி என்றேன். விலை தெரிந்த ஆள் நீங்கள்தானே என்று மடக்கிவிட்டார்கள். சரி, விலையைப் பற்றித்தானே, பேசுவோம்.

போனில் சுற்றுகிற 'விலை மதிக்க முடியாத பூக்கள்' பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் முதல் இடம் இலங்கையின் கடுபுல் பூவுக்குத்தான் கொடுப்பார்கள். ராத்திரியில் பூத்து விடிவதற்குள் வாடிவிடும், யாராலும் விற்க முடியாது, அதனால் அதற்கு விலையே கிடையாது என்று எழுதியிருக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் ஊர் மொட்டை மாடிகளில் தொட்டியில் நிற்கிற நிஷாகந்திதான். பிரம்மகமலம் என்று சொல்லி, பூக்கிற ராத்திரி அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு, சூடம் காட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோமே, அதே பூ. உண்மையான பிரம்மகமலம் இமயமலையில் இருக்கிறது, உத்தரகாண்டின் மாநிலப் பூ அது. இது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த ஒரு கள்ளி இனம், ஓர் இலையை ஒடித்து மண்ணில் குத்தினாலே பிடித்துக்கொள்ளும், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் சும்மாவே தருவார். விற்க ஆளும் இல்லை, வாங்க ஆளும் இல்லை என்பதற்காக ஒரு பூவை விலை மதிப்பில்லாதது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அழகு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அபூர்வம்தான் விலை என்றால் குறிஞ்சிக்கு என்ன விலை இருக்க வேண்டும்? நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலிலும் மூணாறு பக்கம் இரவிகுளத்திலும் 12 வருடத்துக்கு ஒரு தடவை மலையே நீலமாகிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்தப் பூவை யாரும் கிலோ கணக்கில் எடை போட்டதில்லை, போடவும் கூடாது, சட்டப் பாதுகாப்பு உள்ள செடி அது. சட்டத்தை விடுங்கள், மார்க்கெட்டுக்கே வந்தாலும் அதை என்ன செய்வது? சரமாகத் தொடுக்க முடியாது, மல்லி மாதிரி வாசமும் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஆகிற பஸ் காசுதான் அதன் விலை.

அப்படியானால் லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்குகிறார்களே, அது எது? இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சீனாவில் ஷென்ஜென் நோங்கே என்று ஓர் ஆர்க்கிட், எட்டு வருடம் ஆராய்ச்சி செய்து உருவாக்கியது, 2005-இல் ஏலத்தில் 16 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போனது. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்குமாம். மலேசியாவில் கினபாலு மலையில் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது, விதையில் இருந்து பூ பார்க்க 15 வருடம் வரை ஆகும், திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போனதிலேயே காட்டில் அருகிவிட்டது. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் என்பவர் ஜூலியட் என்ற ரோஜாவை உருவாக்க 15 வருடம் எடுத்துக்கொண்டு 2006-இல் செல்சீ மலர்க் காட்சியில் வைத்தார், அதற்கு ஆன செலவு என்று சொல்லப்படுகிற தொகையைத்தான் பலரும் ஒரு பூவின் விலை என்று நினைத்து வாயைப் பிளக்கிறார்கள். இதில் எல்லாம் காசு போவது செடிக்கு. வாங்குகிறவர் நாளைக்கு அதைப் பெருக்கலாம், விற்கலாம், என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று காட்டிக்கொள்ளலாம்.

இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹாலந்துக்காரர்கள் டியூலிப்பை வைத்து 1637-இலேயே பாடம் நடத்திவிட்டார்கள். வெள்ளையில் சிவப்புத் தீ நாக்கு ஓடுகிற மாதிரி ஒரு டியூலிப், செம்பர் அகஸ்டஸ் என்று பெயர். அதன் ஒற்றைக் கிழங்குக்கு ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரம் ஒரு பெரிய வீடு வாங்குகிற விலை பேசினார்கள். கிழங்கு குளிர்காலத்தில் மண்ணுக்குள் கிடக்கும், மேலே சாராயக் கடையில் உட்கார்ந்து வெறும் சீட்டை எழுதிக் கைமாற்றுவார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் ஹார்லெம் ஊரில் ஓர் ஏலத்தில் கேட்பதற்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான், விலை சரிந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கோடுகள் ஒரு வைரஸால் வந்தவை, அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய், இது தெரிய வந்ததே 20-ஆம் நூற்றாண்டில்தான். நோய் கிழங்கை நலிய வைக்கும், குட்டிக் கிழங்கு அதிகம் விடாது, அதனால் சரக்கு எப்போதும் தட்டுப்பாடு, அதனால் விலை. நம் பக்கத்தில் வைரஸ் விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பார்கள். அவர்கள் அதற்கு வீட்டு விலை பேசினார்கள்.

அடுத்தது பூவில் இருந்து எதையாவது எடுக்கிறவர்கள். குங்குமப்பூ என்கிறோம், நாம் வாங்குவது அதன் சூல்முடியைத்தான், ஒரு பூவுக்கு மூன்று இழை. காஷ்மீரில் பாம்பூர் பக்கம் அக்டோபர் கடைசியில் இருந்து மூன்று வாரம் பூக்கும், வெயில் ஏறுவதற்குள் பறித்து, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக இழையைக் கிள்ளி எடுத்துக் காயவைப்பார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூ வேண்டும். அந்தச் செடி விதையே வைக்காது, கிழங்கை மனிதன் தோண்டி நட்டால்தான் உண்டு. மெஷினால் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடிந்திருந்தால் விலை என்றைக்கோ இறங்கியிருக்கும். ரோஜா எண்ணெயும் இப்படித்தான், பல்கேரியாவில் மூன்றரை நாலு டன் பூவைக் காய்ச்சினால் ஒரு கிலோ எண்ணெய். நம் மல்லியிலும் சென்ட் எடுக்கிறார்கள், நிலக்கோட்டைப் பக்கம் போனால் தெரியும், 1,000 கிலோ மல்லிக்கு மெழுகு மாதிரி வருகிற சரக்கு இரண்டு கிலோ கூடத் தேறாது.

இனி நம் மார்க்கெட்டுக்கு வருகிறேன். மேலே சொன்னவர்கள் எல்லாம் பூ என்ற பெயரில் செடியையோ எண்ணெயையோ இழையையோ வாங்கினார்கள். மறுநாளே வாடப்போகிற பூவை, வாடும் என்று தெரிந்தே, கிலோ 4,000 ரூபாய் கொடுத்து வாங்குகிற ஜனம் நாம். இதே குண்டுமல்லி சித்திரை வைகாசியில் வரத்து குவியும்போது 100, 200 ரூபாய்க்குக் கேட்பாரில்லாமல் கிடக்கும், சென்ட் கம்பெனிக்குப் போகும். மார்கழி, தை வந்தால் 3,000, 4,000-ஐத் தாண்டிய நாட்களை நானே நோட்டில் எழுதியிருக்கிறேன். செடி அதே செடி, மண் அதே மண். பனி விழ ஆரம்பித்ததும் மொட்டு வைப்பது குறைந்துவிடும், 30 கிலோ கொண்டுவந்த விவசாயி ஒரு கேரி பையில் இரண்டு கிலோ கொண்டுவருவார். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கோயில் இருக்கிறது, ஐயப்ப பூஜை இருக்கிறது, தை பிறந்தால் முகூர்த்தம் வரிசை கட்டும். இரண்டு கிலோவுக்கு இருபது பேர் நின்றால் விலையை நான் ஏற்ற வேண்டியதே இல்லை, அவர்களே ஏற்றிக்கொள்வார்கள். கமிஷன் கடைக்காரன்தான் ஏற்றுகிறான் என்று ஒரு பேச்சு உண்டு, அதற்காகவும் சொல்கிறேன்.

பறிப்பு வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த விலை அவ்வளவு அநியாயமாகத் தெரியாது. வலையங்குளம், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சீசனில் விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் விரியப்போகிற மொட்டு நன்றாக வெளுத்து, காம்பு நீண்டு, விரலுக்குத் திண்ணென்று இருக்கும், அதை மட்டும் கிள்ள வேண்டும். பக்கத்திலேயே பச்சை சாயல் போகாத மொட்டு இருக்கும், அது நாளைக்கு உள்ளது, அதில் கை படக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் எனக்கெல்லாம் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அவர்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை, விரல்தான் பார்க்கிறது. இன்றைக்கு விட்ட மொட்டு நாளைக்கு மொட்டு இல்லை, விரிந்த பூவுக்கு மாலை கட்டுகிறவரிடம் மதிப்புக் கிடையாது. வெயில் பட்டால் எடையும் போச்சு. ஆக முழு வேலையும் அந்தச் சில மணி நேரத்தில் முடிந்து, ஈரத்துணி சுற்றி, பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ மார்க்கெட் வந்து சேர வேண்டும். வந்த மூட்டையைப் பிரித்ததும் வியாபாரி முதலில் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார், உள்ளே சூடு ஏறியிருந்தால் அங்கேயே விலை குறையும்.

கனகாம்பரம் வேறு கதை. வாசமே கிடையாது, ஆனால் சில நாள் மல்லியை முந்தி நிற்கும். காரணம் எடை. காற்று மாதிரி லேசான பூ, ஒரு கிலோவுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் பூ நிற்கும், அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பறித்தாக வேண்டும். அப்புறம், விலை ஏறிய நாளில் தெருவில் முழம் போடும் அக்காவைக் கவனியுங்கள். கை அதே கைதான், முழங்கையில் இருந்து விரல் நுனி வரை அளவு மாறாது. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் நார் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, 4,000 ரூபாய்க்கு வாங்கி அவர் வேறு என்னதான் செய்வார்?

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பு, காம்பு நீளம், வாசம், சாயங்காலம் வரை மொட்டு விரியாமல் நிற்பது என்று அதன் குணங்கள் பெரிசு. இதில் கடைசிதான் காசு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று விமானம் ஏறிப் போய் அங்கே ஒருவர் தலையில் வைக்கிற வரை அது மொட்டாகப் பொறுத்திருக்கிறது. ஆனால் குறியீடு இருப்பதால் மட்டும் விலை நின்றுவிடாது. 2020 ஊரடங்கில் கோயில் பூட்டியிருந்தது, கல்யாணம் இல்லை, மார்க்கெட் இல்லை. அதே குறியீடு பெற்ற மல்லியைப் பறிகூலி கட்டாது என்று செடியிலேயே விட்டார்கள். வாசமும் குறையவில்லை, அழகும் குறையவில்லை, வைத்துக்கொள்ள ஒரு விசேஷம் இல்லை, அதனால் விலை இல்லை.

குளிர்காலத்து இந்தத் தட்டுப்பாட்டைச் சரி செய்யத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நட்சத்திர மல்லி கோ 1 என்று ஒரு ரகத்தை வெளியிட்டது. வருடம் முழுக்கப் பூக்கும், பனிக்காலத்திலும் பூக்கும், மொட்டு நிறைய நேரம் தாங்கும். வாசம் மட்டும் குண்டுமல்லி அளவுக்குக் கிடையாது, மெல்லிசுதான். மார்கழியில் அது மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால் 4,000 ரூபாய் என்ற பேச்சே இருக்காது, வாங்குகிறவர்களுக்கு நல்லதுதான். குண்டுமல்லி வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் வயிற்றைக் கலக்கும், சித்திரையில் 100 ரூபாய்க்குக் கொடுத்த நஷ்டத்தை அவர் தையில்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். ஆனால் கல்யாண வீட்டுப் பெண்கள் கையில் எடுத்து மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள், அதனால் அவர் உடனே பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். வணக்கம்.