மஞ்சள், சுண்ணாம்பு, ஒரு சாவி
(மொரீஷியஸ், ரோஸ் ஹில் கோவில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, கோவில் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கவுன்சிலர் அவர்களே, போர்ட் லூயிஸிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, விடியற்காலையிலிருந்து நமக்காக ஏழு கறி சமைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொன்னாடை போடும்போது சரிசெய்துகொள்வோம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வரச் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பிள்ளை என்ன செய்யலாம், ஆசிரியர் என்ன செய்யலாம், அரசாங்கம் என்ன செய்யலாம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பார்கள். அறிவியலும் கைப்பழக்கம்தான். சற்று முன் கவுன்சிலர் அவர்களுக்கு ஆரத்தி எடுத்தோமே, அந்தத் தட்டில் இருந்தது என்ன? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதாவது புளிப்புக்கு நேர் எதிர்; அது பட்டதும் மஞ்சள் சிவக்கிறது. அதிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், புளிப்பு ஏற ஏறத் திரும்பவும் மஞ்சளாகிவிடும். ஒரு பிள்ளை தன் கையால் இதைச் செய்துவிட்டால், அடுத்து சோப்புத் தண்ணீரை ஊற்றுவான், வினிகரை ஊற்றுவான், பாட்டியின் ரசத்தையும் விடமாட்டான். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் எடுத்துப் போடுங்கள், கண்ணில் படக் கூடாது.

இன்னொன்று. நம் தீவு மகர ரேகைக்கு வடக்கே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை, நவம்பர் 22, ஜனவரி 20 ஆகிய நாட்களை ஒட்டி, சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு வருகிறது. நவம்பரில் பள்ளி விடுமுறை. அதனால் ஒரு ஜனவரியில் பிள்ளைகளை முற்றத்தில் இறக்கினேன். ஆளுக்கொரு பால்மாவு டின். நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், ஒரு கீற்று நிழல் இன்னும் இருந்தது. “மிஸ் சொன்னது பொய்” என்றாள் ஒருத்தி. பொறு என்றேன். நம் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் அந்த மாதத்தில் இருபது நிமிட வித்தியாசம். மேகம் ஒன்று வந்து வயிற்றைக் கலக்கிவிட்டுப் போனது. பன்னிரண்டு இருபதுக்கு டின்னைச் சுற்றி ஒன்றுமே இல்லை! பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒரு சின்னப் பயல் மட்டும் டின்னைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். சேலைக்கு வெளியே நிழல் இல்லை. “மிஸ்ஸுக்கு நிழல் இல்லை, மிஸ் பேய்!” என்று ஒரே ஓட்டம். அவன் பின்னால் அத்தனை பேரும். கோவில் குருக்கள் மணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அவருக்கும் நிழல் இல்லை என்றதும் அவரையும் பேயாக்கிவிட்டார்கள்.

அந்தப் பயல் வீட்டில் கிரியோல் மொழி தவிர வேறு பேசாதவன். அன்று மதியம் முழுக்க நிழல், உச்சி, வடக்கு, தெற்கு என்று தமிழில் பொரிந்து தள்ளினான். அதனால்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரம் செய்முறை அறிவியலுக்குக் கொடுங்கள். கையும் பழகும், நாவும் பழகும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்! தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு இருக்கிறதே, டியூஷன் இருக்கிறதே என்று பெற்றோர் கேட்கிறீர்கள். இருக்கட்டும், ஒரு மணி நேரம்தானே கேட்கிறேன்.

ஆசிரியர் செய்ய வேண்டியது என்று பார்த்தால், எல்லாவற்றையும் தானே செய்து காட்டாமல் பிள்ளையின் கையில் கொடுப்பது. பெல் வில்லேஜில் ராஜீவ் காந்தி அறிவியல் மையம் இருக்கிறது, ஒரு முறையாவது அழைத்துப் போங்கள். அரசாங்கம்… தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதைக் கவுன்சிலரிடம் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லிக்கொள்கிறேன்.

நிர்வாகக் குழுவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மடப்பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. குழாய் இருக்கிறது, சன்னல் இருக்கிறது, வெயில் வருகிறது. எங்களுக்கு வேறு ஆய்வகம் வேண்டாம். நாற்காலிகளைத் தூக்கிப் போடப் பெற்றோர்கள் தயார், கேட்டுவிட்டேன். சாவி தலைவர் அவர்களின் சட்டைப் பையில் இருப்பதாகச் சொன்னார்கள். மேடையை விட்டு இறங்குவதற்குள் வாங்கிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.