தில்லி, சென்னை, அப்புறம் நம் ஊராட்சி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, இரண்டு முறை ஊராட்சி மன்றத் தலைவராக இருந்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா அவர்களே, இடம் தந்த நூலகர் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கிராம சபைக்கு அழைத்துப்போய், ஓரமாக உட்காரவைத்துக் கவனிக்கச் சொன்னவர் அவர். அரசியல் சட்டத்தை அப்படித்தான் கற்பிக்க வேண்டும். அவர் கையால் சால்வை வாங்கியதைப் பெருமையாக நினைக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு கூட்டாட்சியில் அதிகாரப் பங்கீடு. சட்டம், நிதி, ஆளுநர் என்று மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு, இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். மாநில சுயாட்சி என்று நாம் கேட்பது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. பாதுகாப்பு, வெளியுறவு, ரயில், நாணயம் எல்லாம் ஒன்றிய அரசின் கையில். காவல், பொது சுகாதாரம், வேளாண்மை, நிலம் மாநிலத்தின் கையில். இரண்டு பேரும் சட்டம் இயற்றக்கூடியவை பொதுப்பட்டியலில். அங்கே இருவர் சட்டமும் மோதினால் பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும் என்கிறது 254வது பிரிவு. எந்தப் பட்டியலிலும் இல்லாத மிச்ச அதிகாரமும் 248வது பிரிவின்படி தில்லிக்குத்தான். அமெரிக்காவில் இது நேர்மாறு. ஒன்றியத்துக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்று 1791லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நமக்கோ, கொடுத்ததும் நிலைக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், 42வது திருத்தம் வந்தது. கல்வியும் காடுகளும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போயின. போனவை இன்றுவரை திரும்பவில்லை. இத்தனைக்கும், 1969லேயே ஒன்றிய-மாநில உறவை ஆராய நீதிபதி ராஜமன்னார் தலைமையில் குழு போட்டு, 1971ல் அறிக்கை வாங்கி, 1974ல் சட்டமன்றத்தில் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய மாநிலம் இது.

நிதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகிர்ந்துகொள்ளும் வரிகளில் மாநிலங்களுக்கு 42 சதவீதம் என்றது 14வது நிதிக்குழு, 41 என்றது 15வது நிதிக்குழு. ஆனால் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் தில்லி வசூலிப்பது அந்தப் பங்கீட்டுக்குள் வராது. ஜிஎஸ்டி வரி பற்றிக் கூடி முடிவெடுக்கும் ஜிஎஸ்டி மன்றத்திலோ ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அப்படியானால் எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் தில்லி வேண்டாம் என்றால் நடக்காது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நாம் ஏன் கத்துகிறோம் என்பது இப்போது புரியும்.

இவ்வளவு நியாயம் பேசும் நாம், நமக்குக் கீழே இருப்பவருக்கு என்ன கொடுத்தோம்? மாநிலப் பட்டியலின் 5வது இனம் உள்ளாட்சி. அதில் தில்லியைக் குறை சொல்ல வழியில்லை, பொறுப்பு முழுக்க சென்னையுடையது. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்த 73வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243இ பிரிவு. இங்கே 2016ல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்தான்.

தனி அலுவலர் காலம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரைக் கேளுங்கள். தலைவர் இருந்தபோது தண்ணீர் வரவில்லை என்றால் ராத்திரி பத்து மணிக்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். லுங்கியோடு வெளியே வந்து, "விடிஞ்சதும் வரக்கூடாதாய்யா?" என்று சத்தம் போடுவார். ஆனால் விடிவதற்குள் மோட்டார் மெக்கானிக் வந்து நிற்பார். அடுத்த தேர்தலில் எங்கள் ஓட்டு அவருக்கு வேண்டுமே! அவர் காலம் முடிந்தது. அப்புறம் ஒரு சித்திரை மாதம், மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். அதிகாரி ஆட்சியர் அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி போனோம், மதிப்பீடு போட வேண்டும் என்றார்கள். மதிப்பீடு போட்டாயிற்று, கையெழுத்து வேண்டும் என்றார்கள். கடைசியில் எங்கள் தெருவில் ஆடு மேய்க்கும் ஒரு அப்பத்தா, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய், அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் கூட நின்றோம். அந்த அதிகாரி நல்ல மனிதர். ஜீப்பை விட்டு இறங்கி வந்து, "அம்மா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இந்த ஒன்றியத்துல எத்தனை ஊர் இருக்கு தெரியுமா?" என்றார். அப்பத்தா குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு எத்தனையோ ஊரு இருக்கு சாமி. எங்களுக்கு இருக்கறது ஒரே ஊரு."

இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி அதிகாரப் பங்கீட்டுக்கு நான் விளக்கம் தேட மாட்டேன். தில்லியிடம் சென்னை சொல்ல வேண்டியதை, அப்பத்தா ஒன்றிய அலுவலக வாசலில் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கேரளத்தில் 1996ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். நமக்கு உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கிறது, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த மண் என்று மார் தட்டுகிறோம். கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டிய ஊருக்கு, இன்று கணக்குக் கேட்கத் தலைவரே இல்லை. அந்த எலி வளையை முதலில் கொடுங்கள் என்றுதான் நம் அரசைக் கேட்கிறோம்.

ஆளுநரைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. அதற்கு வழக்கறிஞர் அண்ணன் தனியாக ஒரு கூட்டம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வாசல் மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். ஊராட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்த வேண்டும், குடிநீர், தெருவிளக்கு போன்ற வேலைகளுக்கு ஊராட்சி மன்றமே செலவைத் தீர்மானித்துச் செய்யும் அளவுக்குப் பணமும் அதிகாரமும் வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப்போய், அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். நன்றி, வணக்கம்.