பரம்பரை நோய் என்று எழுதிவிட்டால் பென்ஷன் கிடையாதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோடு, அரூர், பர்கூர் பக்கம் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. அவர்களில் சிலருக்கு டிசபிலிட்டி பென்ஷன் மனு, 'பிறவிக் கூறு, பணிக்குத் தொடர்பில்லை' என்ற ஒரே வரியோடு திரும்பிவிடுகிறது. அதோடு ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மனசு ஆறவில்லை.

விதி கேட்பது இரண்டு கேள்வி. நோய் பணியால் வந்ததா? இல்லையென்றால், பணியால் முற்றியதா? இரண்டாவதற்கு ஆம் என்றாலும் உரிமை உண்டு. குறைபாடு 20 சதவீதமாவது இருக்க வேண்டும்.

ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் சிக்கிள் செல் மரபணுவைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் தொந்தரவே தெரியாது. அதே ஆளைப் பிராணவாயு குறைந்த பனிமலையில் நிறுத்தினால், ரத்த அணுக்கள் வளைந்து அடைத்து, மண்ணீரல் பாழாகலாம். மரபணு அப்பா கொடுத்தது. மண்ணீரலைக் கெடுத்தது போஸ்டிங். ஆகவே, 'அப்பாவுக்கும் இருந்தது' என்பதை மறைக்க வேண்டாம். அதே மரபணு இருப்பது ரத்தப் பரிசோதனையில் உறுதியான தம்பி, காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு பார்த்துக்கொண்டு நலமாக இருந்தால், அதையும் சொல்லுங்கள். தனியாக நிற்காது, ஆனால் வலு சேர்க்கும்.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அவர் ஒரு படைவீரர்; வலிப்பு நோய். அது பிறவிக் கூறு என்று மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவர் குழு, எழுதியிருந்தது. சேரும்போது நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்றால் போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். அது 1982 விதிகளின்படி வந்த தீர்ப்பு. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடப்பில் இருப்பதால், எப்போது வெளியே வந்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம், காகிதம். சேர்ந்தபோது நடந்த உடற்தகுதிப் பரிசோதனை, போஸ்டிங் விவரம், முதல் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டு, மெடிக்கல் கேட்டகிரியை (உடற்தகுதித் தரத்தை) இறக்கிய உத்தரவு. இவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். டாக்டர் கடிதம் வாங்கினால், 'பணியால் இருக்கலாம்' என்ற வரி உதவாது. எந்த இடத்தில், எந்தச் சூழல், உடம்பில் எதை எப்படிக் கெடுத்தது என்று அவர் எழுத வேண்டும்.

மனு தள்ளுபடியானால் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதற்கும் பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். பரணில் இருக்கிற ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள்.